பதினைந்து வயதுக்கு ஓர் அலமாரி

தமிழில் கதையும் நாவலும் எழுதும் நண்பர்களுக்கு,



சென்ற ஆண்டு ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கையில் என்னுடைய மூன்றாவது புத்தகம் இருந்தது. நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளபடியே அக்கறையோடு கேட்டார்: "பசங்களுக்கு மூணு எழுதியாச்சு. மொழி நல்லா வருது உங்களுக்கு. எப்பம்மா நாவல் எழுதப் போறீங்க?"

அவர் கையில் இருந்தது நாவல்தான். 210 பக்கம். மூன்று ஆண்டு உழைப்பு. அதில் வருகிற பெண்ணுக்குப் பதினைந்து வயது. அந்த வயதுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதியது. அந்த ஒரு காரணத்தால் அது அவர் கணக்கில் நாவல் ஆகவில்லை. அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னும் கேள்வி என்னை விடவில்லை. வெவ்வேறு வார்த்தைகளில் இதையே உங்களில் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எனவே அவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு ஓர் இலக்கு உண்டு. 2014 டிசம்பரில் ஒரு கோடு போட்ட நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்தேன்: ஐம்பது வயதுக்குள், 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்து நாவல்கள். அந்த வரியை என்னை எழுத வைத்தவள் ஒரு பெண். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை பள்ளிச் சீருடையோடு வந்தாள். பத்தாவதோ பதினொன்றோ படித்திருப்பாள். "கதைப் புத்தகமெல்லாம் எங்க சார் இருக்கு?" என்றாள். நூலகர் நல்ல மனிதர். எழுந்து வந்தே காட்டினார். "இந்த அலமாரி சின்னப் பிள்ளைங்களுக்கும்மா. அந்தா, அது பெரியவங்களுக்கு."

முதல் அலமாரியில் அவள் எடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு முயல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. வைத்துவிட்டாள். அடுத்த அலமாரியில் தடிமனான நாவல் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடியே படித்தாள். அதையும் வைத்துவிட்டாள். இரண்டு அலமாரிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போட்டித் தேர்வுப் பகுதிக்குப் போய்ப் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கதை கேட்டு வந்த பிள்ளை, கேள்வி பதிலோடு வீட்டுக்குப் போனாள்.

அவள் நின்ற இடத்தில் ஓர் அலமாரி இருந்திருக்க வேண்டும். அதை நிரப்பும் வேலையைத்தான் நான் என் எழுத்தின் நோக்கமாக எடுத்துக்கொண்டேன். பெரிய நாவலுக்கு முன்னால் கை பழகிக்கொள்வதற்காக அல்ல. எழுதத் தெரிந்த நாள் முதல் நான் செய்ய விரும்பிய வேலை இதுதான் என்று அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது.

நண்பர்களே, உங்களுடைய பதின்மூன்று வயதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் வயதை ஒட்டியவர் என்றால் உங்கள் வீட்டில் அம்புலிமாமா வந்திருக்கும். கோகுலம், பூந்தளிர் வந்திருக்கும். வாண்டுமாமாவின் கதைகளை நீங்கள் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பீர்கள். 1950-லேயே குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கத்தைக் கட்டி எழுப்பிய அழ. வள்ளியப்பாவின் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். அதெல்லாம் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும். அதற்கப்புறம் எப்படிப் பெரியவர்களின் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்?

உங்களுக்கு ஒரு பாலம் இருந்தது. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இருந்தது. இரும்புக்கை மாயாவி இருந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் இருந்தார். பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் இருந்தன. ராஜேஷ்குமாரும் சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் இருந்தார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இருந்தார்கள். கல்கி இதழில் வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, யாரோ ஒரு பெரியம்மா பைண்டு செய்து வைத்த பொன்னியின் செல்வன் இருந்தது. இவற்றில் பெரும்பாலானவை உங்கள் வயதை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் உங்களை உள்ளே விட்டன. வாடகை நூல் நிலையத்தில் நாலணாவோ எட்டணாவோ கொடுத்து நீங்கள் அந்தப் பாலத்தின் மேல் நடந்து வந்தீர்கள். அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறீர்கள்.

அந்தப் பாலம் நம் கண்முன்னே இடிந்தது. வாடகை நூல் நிலையங்களை மூடிவிட்டார்கள். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. அம்புலிமாமாவும் பூந்தளிரும் நின்றுவிட்டன. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் மாணவர்களுக்கு இதழ்கள் கொண்டுவருகிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் அதில் நடுநிலைப் பிள்ளைகளுக்கான தேன்சிட்டு ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது. பத்தாவது வந்ததும் நம் ஊரில் பிள்ளைகளின் கையிலிருந்து கதையை வாங்கி வைத்துவிடுகிறோம். பொதுத்தேர்வு முடிந்து கல்லூரிக்குள் போகும் வரை, ஒரு மனிதரின் மனம் மிக வேகமாக வளர்கிற அந்த ஆண்டுகளில், தமிழில் அவருக்கென்று எழுதப்பட்டதாக நீட்ட நம்மிடம் அநேகமாக ஒன்றுமில்லை.

இந்த இல்லாமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கிற நகரத்துப் பிள்ளை ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனால், அவர் வயதுக்கென்றே ஒரு சுவர் முழுக்கப் புத்தகம் இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்.ஈ. ஹின்டன் என்ற பெண் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய நாவல், 1967-ல் அவருக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது வெளிவந்தது. தன் வயதுப் பிள்ளைகளின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் கதை கிடைக்கவில்லை என்பதால் அவர் எழுதியது அது. அதன்பிறகு அங்கே அந்த வயதுக்கான இலக்கியம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. நம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சுவர் எட்டாது. அவர் வீட்டில் இருக்கும் அச்சடித்த தாள் பாடநூல் மட்டும்தான். நாம் எழுதாமல் விடும்போது முதலில் பட்டினி கிடப்பவர் அவர்.

வங்காளத்தைப் பாருங்கள். உபேந்திரகிஷோர் ராய் 1913-ல் சிறுவர்களுக்காகச் சந்தேஷ் இதழைத் தொடங்கினார். அது இடையில் நின்றுபோக, பேரன் சத்யஜித் ராய் 1961-ல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். பதேர் பாஞ்சாலி வெளிவந்து உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. 1965-ல் அந்த இதழில்தான் துப்பறியும் ஃபெலுதாவை அறிமுகம் செய்தார். கதையைச் சொல்பவன் பதின்ம வயதுத் தம்பி தோப்ஷே. படம் எடுத்துக்கொண்டே தன் கடைசி ஆண்டுகள் வரை அந்தக் கதைகளை எழுதினார். அவருக்கு அது ஓய்வுநேர வேலையாக இருந்திருந்தால் கால் நூற்றாண்டு தொடர்ந்திருக்காது. அங்கே பெரிய எழுத்தாளர்கள் 'கிஷோர்' என்று சொல்லப்படும் பதின்ம வயதினருக்கு எழுதுவது தங்கள் கடமையில் ஒரு பங்கு என்று நினைத்தார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை.

நம்மிடம் யாருமே எழுதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பிள்ளைகளுக்கே புரியும்படி பேசிய யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இளையோர் நாவல் என்று பெயர் சொல்லியே வந்த உதயசங்கரின் ஆதனின் பொம்மை, கீழடியைக் கதைக்குள் கொண்டுவந்து 2023-ல் அதே விருதைப் பெற்றது. வழி போட்டவர்கள் இருக்கிறார்கள். நடக்கத்தான் ஆள் போதவில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். குறை சொல்வதற்காக இல்லை, நீங்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்வதற்காக. முதல் நாவலைக் கொண்டுபோன பதிப்பகத்தில் கைப்பிரதி பிடித்திருக்கிறது என்றார்கள். ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்கள். "அந்தப் பொண்ணுக்குப் பத்து வயசுன்னு மாத்திடுங்க, சிறார் வரிசையில போட்டுடலாம். இல்ல இருபத்திரண்டுன்னு ஆக்குங்க, பொது நாவலா போடலாம். பதினைஞ்சுன்னா எந்த அலமாரியில வைக்கிறது?" அந்தக் கிளை நூலகத்தில் நான் பார்த்த இரண்டு அலமாரிகளும் அங்கே அந்த மேசையின் மேல் வந்து நின்றன. பதினைந்து வயதை நான் மாற்றவில்லை. புத்தகம் வர இன்னும் இரண்டு ஆண்டு ஆனது.

இன்னொரு சமயம் ஒரு பள்ளி என் இரண்டாவது நாவலில் நாற்பது படிகள் வாங்கியது. ஒரு வாரத்தில் கட்டு பிரிக்காத முப்பத்தைந்தும் கட்டிலிருந்து எடுத்த ஐந்தும் திரும்பி வந்தன. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணுக்குக் கடிதம் கொடுக்கிறான். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் மூன்று நாள் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கிறாள். இதுதான் காரணம். "பெற்றோர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் தலைமையாசிரியை. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் அப்படி ஒரு கடிதத்தோடு, யாரிடமும் சொல்ல முடியாமல் அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்து நான் வருத்தப்பட்டேன். அவளுக்கு அந்த ஒன்பதாம் அத்தியாயம் துணையாக இருந்திருக்கும்.

பதிப்பகத்தின் மீதும் பள்ளியின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் மீது அதைவிட அதிகம். ஐம்பது பேர் எழுதிக்கொண்டிருந்தால் எந்த அலமாரியில் வைப்பது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தலைமையாசிரியைக்கும் ஒன்று சரிப்படவில்லை என்றால் வேறு பத்துப் புத்தகம் கையில் இருந்திருக்கும். நாலைந்து பேர் மட்டும் எழுதும்போது ஒவ்வொரு புத்தகமும் தனியாகப் போய் நின்று தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கூட்டங்களில் நீங்கள் அடிக்கடி ஒன்று சொல்வீர்கள்: "இளைய தலைமுறை படிப்பதே இல்லை." நான் கேட்கிறேன், அவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்? சோறு வடிக்காமல் பிள்ளை சாப்பிட வரவில்லை என்று சொல்வது நியாயமா? பதின்மூன்றில் கைவிட்ட வாசகரை இருபத்தைந்தில் வந்து நம் நாவலை வாங்கச் சொல்கிறோம்.

இன்னும் கனமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவர் பள்ளியிலேயே படித்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். சாதிதான் காரணம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அது பேசியது. நாம் கண்டன அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டோம். கட்டுரை எழுதினோம். எல்லாம் பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதியது. அந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்ளும் பதினாறு வயதுப் பையனின் மனசுக்குள் போய், யார் அதை முதன்முதலில் அவன் கையில் கட்டினார்கள், அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, அதை அவிழ்க்க நினைத்தால் எத்தனை பேர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்கே சொல்லும் நாவல் எங்கே? ஒரு நாவல் அரிவாளைத் தடுத்துவிடும் என்று சொல்கிற துணிவு எனக்கு இல்லை. ஆனால் அடுத்தவர் தோலுக்குள் இருந்து பார்க்கும் பழக்கத்தைக் கதை தருகிறது. அது வேண்டிய வயதில் நாம் அதைத் தரவில்லை. அது நம் துறை. அதற்கு நாம்தான் பொறுப்பு.

அந்த வயதுக்கு எழுதுவது எளிது என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு மாடியில் எட்டு ஒன்பது பிள்ளைகள் கூடுவார்கள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை. எழுதியதை எழுதிய வரைக்கும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். மூன்றாவது நாவலில், அப்பா குடித்துவிட்டு வரும் இரவைப் பற்றி அந்தப் பெண் தனக்குள் பேசுகிற பகுதியைப் பெருமையோடு படித்தேன். பத்தாவது படிக்கிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அத்த, இந்த எடத்துல அவ பேசல. நீங்கதான் பேசுறீங்க." பதினான்கு பக்கம். அன்று இரவே எடுத்துவிட்டேன். என்னோடு பழகும் எந்த விமர்சகரும் அவ்வளவு துல்லியமாக அடித்ததில்லை.

இன்னொரு ஞாயிறு, சண்டை போட்ட தோழிக்கு என் நாயகி போன் செய்வதாக எழுதியிருந்தேன். "யாரு அத்த இப்ப போன் பண்றா? ப்ளூ டிக் வரும், பதில் வராது. அதான் சண்டையே" என்றான் ஒருவன். ஒரு முழு அத்தியாயத்தின் முடிச்சு எனக்கு அங்கே கிடைத்தது. முதல் நாவலில் அவர்களுடைய வழக்குச் சொற்களை அள்ளிப் போட்டிருந்தேன். இரண்டு ஆண்டில் எல்லாம் பழசாகிப் பல்லிளித்தன. அதற்குப் பிறகுதான், சொல் பழசாகும், பேச்சின் தாளம் பழசாகாது என்று கற்றுக்கொண்டேன். அவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள், எதைச் சொல்லாமல் தோளைக் குலுக்குவார்கள் என்பதில்தான் அந்த வயது இருக்கிறது.

இந்த வாசகர் நமக்குச் சலுகை தர மாட்டார். முதல் மூன்று பக்கத்தில் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுவார். நம் பெயரைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் ஒரு தாத்தாவோ ஆசிரியரோ வந்து சிக்கலைத் தீர்த்து வைத்தால் கோபப்படுவார், ஏனென்றால் அவர் வாழ்க்கையில் அப்படி யாரும் வந்து தீர்ப்பதில்லை. முடிவை அந்தப் பதினைந்து வயதே எடுக்க வேண்டும்; தப்பாக எடுத்தாலும் அதன் பலனை அதுவே சுமக்க வேண்டும். அறிவுரை எட்டிப் பார்க்கிற வாசனை அவருக்கு ஒரு பக்கத்துக்கு முன்பே தெரிந்துவிடும். உண்மையைச் சொல்லவும் வேண்டும், வாசகரை நம்பிக்கை இழக்க விட்டுவிடவும் கூடாது. இவ்வளவையும் சேர்த்து இழுக்கிற வேலையை நீங்கள் கை பழகும் வேலை என்கிறீர்கள். என் கை இதில் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் சொல்லப்போகும் காரணங்கள் எனக்குத் தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். நானும் வேலைக்குப் போகிற ஆள்தான். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரைதான் என் எழுத்து நேரம். அதில் ஒரு நாளைக்கு 300 சொல். நூறு நாளில் 30,000 சொல் ஆகிறது. தமிழ்ப் புத்தகத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு பாரம், 190 பக்கம். இந்த வயதினருக்கு அந்த அளவு போதும். மிச்சக் காலமெல்லாம் திருத்துவதற்குத்தான். விற்காது என்பீர்கள். பெரியவர்களுக்கான நாவல் மட்டும் எத்தனை படி போகிறது? 1200 படி என்பது வழக்கமான கணக்காக இருந்த காலம் போய், இப்போது 300 படி அடித்துப் பார்க்கிறார்கள். அந்த இழப்புக்குத் துணிந்த நாம் இதற்கும் துணியலாம். மதிப்புக் கிடைக்காது என்பீர்கள். மதிப்பைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தானே?

இப்போது என் இலக்குக்கு வருகிறேன். ஐந்து நாவல் என்று எழுதி வைத்தேன். மூன்று வந்துவிட்டது, நான்காவது நடக்கிறது. ஐந்தையும் முடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆனால் சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்த இலக்கு எவ்வளவு சிறியது என்று ஒரு பையன் எனக்குக் காட்டினான். மாடிக்கு வருகிறவன். கதை கேட்பான், படிக்க மாட்டான். அந்த விடுமுறையில் என் மூன்று நாவலையும் வாங்கிக்கொண்டு போனான். ஏழாம் நாள் மூன்றையும் கொண்டுவந்து வைத்தான். பத்து ஆண்டாக விடியற்காலையில் எழுந்து நான் எழுதியதை அவன் ஒரு வாரத்தில் முடித்துவிட்டான். "அடுத்து என்ன அத்த?" என்று கேட்டான். கண்ணில் அவ்வளவு பசி. உள்ளே போய் என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பாலபாரதியும் உதயசங்கரும் கொடுத்தேன், தமிழில் வந்த டோட்டோ சான் கொடுத்தேன், ஐத்மாத்தவின் முதல் ஆசிரியர் கொடுத்தேன். பத்து நாளில் அவையும் திரும்பி வந்தன. அதற்கப்புறம் எடுத்துக் கொடுக்க என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பெரியவர்களுக்கு எழுதிய நாவல் தன் வாசகருக்காக இருபது ஆண்டு காத்திருக்கலாம். அவர் நாற்பதிலும் படிப்பார், அறுபதிலும் படிப்பார். இவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு நாவலுக்கு நான் மூன்று ஆண்டு எடுத்தால், அதைத் தொடங்கும்போது பதினைந்தாக இருந்தவர் முடிக்கும்போது பதினெட்டு. 2014-ல் அந்த நூலகத்தில் இரண்டு அலமாரிக்கு நடுவில் நின்ற பெண்ணுக்கு என் முதல் நாவலே தாமதமாகத்தான் வந்தது. அவளுக்கு இப்போது இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவளுக்கென்று எழுதத் தொடங்கியதை அவள் படிக்கவில்லை. ஓர் ஆள், எவ்வளவு விடாப்பிடியாக உழைத்தாலும், இந்த ஓட்டத்தில் தோற்றுப்போவார். அதனால்தான் என் சொந்த இலக்கை உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் எழுத்து வாழ்வில் ஒரே ஒரு நாவலை 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு எழுதுங்கள். ஒன்று போதும். என்றைக்காவது எழுதுவேன் என்று சொல்லாதீர்கள். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும் அன்று முதல் வரியை எழுதுங்கள். காலாண்டுத் தேர்வுக்குள் கைப்பிரதியை முடியுங்கள். அரையாண்டு விடுமுறையில் அந்த வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்; அவர்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். உங்கள் தெருவில், உங்கள் அக்கா வீட்டில், நீங்கள் படித்த பள்ளியில் அவர்கள் இருக்கிறார்கள். பதிப்பகத்தில் வயதைக் கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அட்டையில் இளையோர் நாவல் என்று அச்சிடச் சொல்லுங்கள். பத்துப் பேர் மறுத்தால் அது பிடிவாதமாகத் தெரியும். நூறு பேர் மறுத்தால் அலமாரி தானாக வரும்.

நூறு பேர் என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியின் ஒரு மாலை நேரத்தில் ஒரே வரிசையில் உங்களில் அத்தனை பேரைப் பார்க்கலாம். நூறு பேர் ஆளுக்கொன்று எழுதினால், வாரம் ஒரு புத்தகம் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டுக்கு வரும். ஒன்பதாவதில் தொடங்கினால் பத்தாவது முடிகிற வரை. அதற்குள் அவர் உங்களுடைய பெரிய நாவல்களை நோக்கி நடந்து வந்துவிடுவார். நமக்கு இருந்த பாலத்தைவிட நல்ல பாலமாக அது இருக்கும். நமக்கு இருந்தது தற்செயலாக அமைந்தது. இது அவர்களுக்கென்றே கட்டியதாக இருக்கும்.

எழுத முடியாதவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். இனி யாரிடமும் "எப்போது நாவல் எழுதப் போகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். அவர்கள் எழுதியதை வாங்கிப் படியுங்கள். குறை இருந்தால் நாவலுக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பதினைந்து வயதுக்காரர் கையில் கொடுங்கள்.

அந்தப் பையன் இப்போது பதினொன்றாவது படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமையும் மாடிக்கு வந்தான். நான்காவது நாவலில் எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன். முடிந்ததும் மற்றவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். அவன் மட்டும் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடினான். அவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி